தேறாது அண்ணனும் இரண்டு மோட்டாரும்

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் முதல் கல்லை எங்கள் தேறாது அண்ணனிடம் காட்டிவிட்டுக் கட்டியிருந்தால், இன்றைக்கு ஊரில் கோட்டையே இருந்திருக்காது. கல்லை நாலு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "தேறாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் தேறாதுதான். சென்னைப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தவர். ரிட்டயர் ஆகி ஒரு பழைய வேனில் ஊர் திரும்பியபோது சம்பளத்தைத்தான் அங்கே விட்டுவிட்டு வந்தார், வேலையைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் கிளம்புகிற நேரம். அண்ணன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, "தேறாது" என்றார். பாதி பஸ் இறங்கிவிட்டது. கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரியவரே, டயரு நல்லாத்தான் இருக்குது. நீ ஏறாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

இன்னொரு முறை, என் மச்சினன் மகன் கல்யாணம். மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்னால் இவர் மேடையேறி, அந்த ஜரிகை நாற்காலியின் மேல் நின்று மூன்று குதி குதித்தார். நாற்காலிக் கால் ஒடிந்தது. "பாத்தியா, மாப்ள உழுந்திருப்பாரு" என்றார். மாப்பிள்ளை ஏன் நாற்காலியில் ஏறிக் குதிக்கப்போகிறார் என்று கேட்கத்தான் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சைக்கிளில் பல்பு கட்டி விற்றவன், இன்றைக்குத் திண்டிவனம் ரோட்டில் இரண்டு ஷட்டர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் விற்ற மோட்டார் தண்ணீர் தராத கிணறு இருந்தால், அந்தக் கிணற்றில்தான் கோளாறு. அதனால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேர் ரோபோ செய்து விழுப்புரத்தில் போட்டிக்குப் போகிறார்கள், சாமான் வாங்கித்தர ஆள் வேண்டும் என்று டீச்சர் வந்தபோது, என்னை விட்டால் யார் என்று நானே தலையைக் கொடுத்தேன். ரோபோ செய்ய என் குடோனையும் திறந்துவிட்டேன்.

போட்டி இதுதான்: மணல் மூட்டையைச் சுமந்துகொண்டு ரோபோ ஒரு சரிவுப் பலகையின் உச்சிக்கு ஏற வேண்டும். போன வருஷம் இவர்கள் ரோபோ பாதிச் சரிவில் நின்று, பின்பக்கமாகவே உருண்டு வந்ததாம். மண்டபமே சிரித்ததாம். குழுவுக்குத் தலைவி கலைவாணி, வல்லத்துப் பெண், நிலக்கடலை பயிரிடுகிற குடும்பம். "பிரைஸ் வேணாம் ஐயா. மேல ஏறிட்டா போதும்" என்றாள்.

ரோபோ மோட்டாருக்கு, சென்னையில் இருக்கிறதிலேயே பளபளப்பான பெட்டியாகப் பார்த்து வரவழைத்தேன். அண்ணன் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். மோட்டாரைக் கையில் வாங்கி, அச்சில் கயிறு சுற்றி, ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டார். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். பிரித்துக் காட்டினார்.

"பல்சக்கரம் பூரா பிளாஸ்டிக்கு. பால் பல்லு தம்பி. இதுக்கா இவ்ளோ வெல குடுத்த? பெட்டிக்குத்தான் காசு. தேறாது."

பிள்ளைகள் முன்னால் எனக்கு மானம் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நானே சென்னைக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, இரும்புப் பல்சக்கரம் வைத்த மோட்டார் இரண்டு வாங்கிவந்தேன். கடையில் இருந்ததே அந்த இரண்டுதான். குடோனில் வைத்துவிட்டு, வீட்டில் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

திரும்பி வந்தால் குடோனில் புகை. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, நல்ல சரக்கு. ஒரு கல்லு தூக்குச்சு. ரெண்டு தூக்குச்சு. மூணு கல்ல ஒண்ணேகால் மணி நேரம் புடிச்சிட்டு நின்னுச்சு தெரியுமா?"

"இப்ப?"

"இப்ப எரிஞ்சிடுச்சு."

"இன்னொண்ணு?"

"ஒண்ணு நல்லா இருந்தா இன்னொண்ணும் நல்லா இருக்கும்னு எப்டி சொல்றது? அதையும் பாத்துட்டேன். அது ஒண்ணர மணி நேரம்."

பள்ளிக்கூடம் விட்டு வந்த கலைவாணி கருகின மோட்டாரைப் பார்த்தாள். அழவில்லை. "தாத்தா, நாளான்னிக்கி போட்டி" என்றாள்.

அண்ணன் கையிலிருந்த கயிற்றைச் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார். "கம்பெனில ஆயிரம் வரும்மா. அதுல ரெண்ட எடுத்து எரிச்சுப் பாப்போம். மிச்சத்த அனுப்பிடுவோம்." வெறும் மேசையைப் பார்த்தார். "மிச்சம்னு ஒண்ணு இருக்கும்."

அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை குடோன் வாசலில் நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ். கையில் இரண்டு மோட்டார், பழசு, ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் கனம், இரண்டும் ஒரே மாதிரி. எங்கிருந்து என்று கேட்டேன். "கெடச்சுது" என்றார். பிள்ளைகள் லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து, பலகையை அறுத்து மாற்றி, ரிமோட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, நீளமாக ஒயர் இழுத்து சுவிட்ச் வைத்து, பைக் பேட்டரியில் ஓட்டினார்கள். ஓடியது.

கலைவாணி கேட்டாள். "டெஸ்ட்டு பண்ணலையா தாத்தா?"

அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. ஓடிட்டுதான இருந்துச்சு."

போட்டியன்று என் வேனில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டியதும் நல்ல மழை. வைப்பர் சுவிட்சைப் போட்டேன். அசையவில்லை. திரும்பவும் போட்டேன். பக்கத்து சீட்டில் அண்ணன் இருமினார்.

"தம்பி, அது பின்னாடி இருக்குது."

"இன்னாது?"

"உன் வைப்பர் மோட்டாரு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ரோபோ நேரா போவும். நம்ம ரெண்டு பேரு வேனும் ஒரே மாடலு. என்னுது ஒண்ணு கழட்டினேன். உன்னுது ஒண்ணு."

பின்னால் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள். திட்டுவதற்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே போய், தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். விழுப்புரம் வரைக்கும் துடைத்தார்.

போட்டி நடந்தபோது அவர் மண்டபத்துக்குள் வரவில்லை. வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் ரோபோ தேர் மாதிரி நகர்ந்தது. முன்னால் போன அழகான ரோபோக்களில் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. எங்களுடையது நிற்காமல், அவசரமும் படாமல், மூட்டையோடு உச்சிக்குப் போய் உட்கார்ந்தது. ரொம்ப நேரம் எடுத்ததால் பரிசு இல்லை. கலைவாணி ரோபோவைத் தூக்கிக்கொண்டு நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

"ஏறிடுச்சு தாத்தா."

அவர் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடுகூட ஏறல" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, அதனால் முகத்தில் இருந்தது என்ன என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த வருஷமும் பிள்ளைகள் போகிறார்கள். போன வாரம் சாமான் வாங்க என்னோடு கலைவாணியும் சென்னைக்கு வந்தாள். கடைக்காரர் இரண்டு மோட்டாரை எடுத்து வைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் "மூணு" என்றோம்.

மூன்றாவது, தாத்தா எரிப்பதற்கு.