நாற்காலியைச் சுற்றிய பதினோராவது சுற்று

கம்ப்யூட்டரைத் தொடாமலே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவனந்தபுரத்தில் வலியசாலைக்காரர். பெயர் எனக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் நாற்காலி சார்.

தொண்ணூறுகளின் கடைசி. எட்டாம் வகுப்போடு நாகர்கோவிலைவிட்டுக் கிளம்பி, ஓட்டலில் இலை எடுத்து, கட்டடத்தில் மண் சுமந்து, திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். ஷட்டர் திறப்பது, எட்டு கம்ப்யூட்டருக்கும் உறை கழற்றுவது, ஏ.சி. அறைக்கு வெளியே கிடக்கும் செருப்புகளுக்குக் காவல் இருப்பது, இவ்வளவுதான் வேலை.

அங்கே பாடம் எடுத்த சாருக்கு அந்த எட்டு கம்ப்யூட்டர் மேலும் நம்பிக்கை இல்லை. "மிஷின் சொன்னதைச் செய்யும். சரியா சொன்னோமான்னு கால்தான் சொல்லும், கேட்டியா" என்பார். பையன்கள் புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தால் நடுவில் ஒரு நாற்காலியைப் போடுவார். எத்தனை முறை கணக்கு நடக்க வேண்டுமோ அத்தனை முறை ஒரு ஆள் அதைச் சுற்றி வர வேண்டும். அந்த ஆள் நான். சுற்றுகளை எண்ணுகிற இடத்துக்குப் புரோகிராமில் 'ஐ' என்று பெயர் வைப்பார்கள். ஆகவே என் பெயரும் ஐ.

"எடா ஐ, வாடா!"

கரண்ட் போனால் மற்ற சென்டர்களில் வகுப்பு நிற்கும். எங்களுக்கு அப்போதுதான் தொடங்கும். ஒருமுறை ஆயிரம் சுற்று வருகிற புரோகிராம். இருநூறில் நான் உட்கார்ந்துவிட்டேன். "மெமரி போறலை" என்று மோர் வாங்கிக்கொடுத்தார். ஒரு விஷயம் மட்டும் நடக்காது. தன்மேல் தப்பு என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். போர்டில் பிழை வந்தால் சாக்பீஸைத் திட்டுவார்.

சுற்றிச் சுற்றி எனக்கும் புரோகிராம் எழுத வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த சார், ஓனரிடம் வாதாடி, பையன்களோடு நானும் பரீட்சை எழுத அனுமதி வாங்கினார். "எட்டாங் கிளாஸாக்கும் சாரே!" என்றார் ஓனர். "அதனாலென்ன? ஆயிரத்தில் இருநூறு நடந்தவனாக்கும்" என்றார் சார்.

அந்த வாரம்தான் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்துவரை அச்சிடும் புரோகிராம், பையன்களுக்கு அசைன்மென்ட். ஷாஜி என்பவன் பழம்பொரியோடு, அதுதான் நேந்திரம்பழ பஜ்ஜியோடு, வந்தான். "அண்ணாச்சி, எனிக்கு ஒண்ணு எழுதித் தாங்களேன்." எழுதினேன். மறுநாள் வகுப்பே பழம்பொரியோடு நின்றது. ஒரே புரோகிராம், பெயரை மட்டும் மாற்றி இருபத்திரண்டு பிரிண்ட் எடுத்தேன். தின்றும் தீர்த்தேன்.

அடுத்த நாள் சார் பிரிண்ட் கட்டைப் பிரித்தார். இருபத்திரண்டும் எழுபத்தேழில் முடிந்தன. பதினோரு முறை.

"யார் எழுதினது?"

ஓனர் வாசலில் வந்து நின்றார்.

"சரி. நாற்காலியைப் போடு. ஐ, ஏழாம் வாய்ப்பாடு. நட."

நடந்தேன். ஏழு, பதினாலு என்று வகுப்பு கத்தியது. எழுபது வந்தது. நிற்க வேண்டிய இடம். என் கால் நிற்கவில்லை. எழுதின கைக்கு எது பழக்கமோ அதுவே காலுக்கும். பதினோராவது சுற்றில் பாதி போன பிறகுதான் வகுப்பு அமைதியாக இருப்பது காதில் விழுந்தது.

சார் என் காலைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஆராக்கும் சாரே இது செய்தது? இன்னைக்கே சென்டரைவிட்டுப் பறஞ்சு விடணும் அவனை" என்றார் ஓனர்.

"நான்தான்" என்றார் சார். "போர்டுல தப்பா எழுதிப் போட்டேன். குழந்தைகள் பாத்து எழுதிடுத்து."

சாக்பீஸைக்கூடத் திட்டவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு பழம்பொரி அடைத்த வாய்.

செருப்பு போடும் இடத்தில் என்னருகே நின்றார். "பதினொண்ணு தப்பு. மத்ததெல்லாம் நன்னா எழுதியிருக்கே. நாளைக்குப் பரீட்சை. நேரத்துக்கு வா, கேட்டியா."

விடிந்ததும் நான் பஸ் ஏறிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துப் பரீட்சை எழுத என்னால் முடியவில்லை.

அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. அந்த நாற்காலியைச் சுற்ற அவர் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் அவனை 'ஐ' என்று கூப்பிட்டிருக்கக் கூடாது. அது என் பெயர்.