ஒரே ஒரு கண்டிஷன்

"பால் பவுடர் டப்பாவையெல்லாம் இன்ஷூர் பண்ண முடியாது சார்" என்றார் ஏஜென்ட்.

"டப்பாவை யாருங்க பண்ணச் சொன்னா? உள்ள இருக்கிற நாணயத்தைப் பண்ணுங்க" என்றார் சில்லறை.

சில்லறை என்பது பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அல்ல. அவர் கணக்கு எழுதும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கூட வேலை பார்க்கிற புண்ணியவான்கள் வைத்தது. கல்லாவில் விழும் ஒவ்வொரு காசையும் லென்ஸ் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டே உள்ளே போடும் மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

டப்பாவில் இருந்தது முப்பது வருஷச் சேமிப்பு. ராஜாக்கள் போன பிறகும் போகாத செப்புக் காசுகள், மூக்கு தேய்ந்த ராணிகளோடு வெள்ளிக் காசுகள், கடைசியாக ஒரே ஒரு தங்கக் காசு. அந்தத் தங்கக் காசு, புதுக் கட்டில் வாங்க வைத்திருந்த பணத்தில் வந்தது. அவர் மனைவி இன்றும் பழைய கட்டிலில்தான் படுக்கிறாள். புரண்டு படுக்கும்போதெல்லாம் அது கிரீச்சிட்டு விஷயத்தை ஞாபகப்படுத்தும்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, துணி விரித்து, ஒவ்வொரு காசாக விளிம்பில் பிடித்துப் பார்க்கும்போது அந்த மனிதர் உண்மையிலேயே சந்தோஷமாக இருப்பார். கல்யாண போட்டோவில் அந்தச் சிரிப்பில் பாதி கூட இல்லை என்பது மனைவியின் நெடுநாள் புகார்.

எங்கோ யார் வீட்டிலோ கொள்ளை போனதாகப் பேப்பரில் படித்த நாளிலிருந்து சில்லறைக்குத் தூக்கம் போயிற்று. போன தூக்கத்தைத் திருப்பிக் கொண்டுவரத்தான் ஏஜென்ட் வந்திருந்தார்.

"பாலிசி உடனே போட்டுடலாம் சார். ஒரே ஒரு கண்டிஷன்தான். இரும்புப் பெட்டி வேணும்."

"முப்பது வருஷமா அந்த டப்பாவுலதான் இருக்கு. எலி கூட எட்டிப் பாக்கல" என்றாள் மனைவி.

"எலிக்கு அதோட மதிப்பு தெரியாதும்மா" என்றார் ஏஜென்ட்.

மதிப்பு தெரிந்த ஒருவரைக் கண்ட மகிழ்ச்சியில் சில்லறை அன்றைக்கே போய், ஏதோ மூடிப்போன கம்பெனியின் இரும்புப் பெட்டி ஒன்றை விலை பேசினார். இடுப்பு உயரம், யானைக் குட்டி கனம். மீசைக்காரர் ஒருவர் தலைமையில் நாலு பேர் அதைக் கயிறு கட்டி இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள். படிக்கட்டின் கைப்பிடி ஓரிடத்தில் வளைந்தது. மீசைக்காரரின் பேச்சு பல இடங்களில் வளைந்தது.

"என்னங்க வைக்கப் போறீங்க இதுல?" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"பழைய பேப்பருங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார் சில்லறை. பழைய பேப்பருக்கு இவ்வளவு ரகசியமா என்று மீசைக்காரர் கேட்கவில்லை. அவருக்கு நாகரிகம் இருந்தது.

ஏஜென்ட் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"பிரமாதம் சார். ஒரே ஒரு கண்டிஷன். பெட்டியை அப்படியே தூக்கிட்டுப் போயிட்டா? தரையோட போல்ட் போட்டு முடுக்கிடுங்க."

"இதை எவன் சார் தூக்குவான்? நாலு பேருக்கு நாக்குத் தள்ளிடுச்சு."

"அஞ்சாவது ஆள் வந்தா?"

மறுநாள் துளை போடுகிறவர் வந்தார். தரை அதிர்ந்தது. இரண்டாவது துளை முடிந்ததும் கதவு தட்டப்பட்டது. வாசலில் கீழ்வீட்டுக் கணக்கு டீச்சர், தலையெல்லாம் சுண்ணாம்போடு நின்றார்.

"சார், என் கட்டில் மேல உங்க வீட்டுத் தரை கிடக்கு. திருத்தி வச்ச பேப்பர் அத்தனையும் காரை. எந்தப் பையன் எத்தனை மார்க்குன்னு எனக்கே தெரியல."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க டீச்சர்..."

"எதைப் பொறுத்துக்கணும்? பெட்டி என் மேல விழற வரைக்குமா? முதல்ல இதை என் தலைக்கு மேலேருந்து நகர்த்துங்க. போல்ட்டும் வேணாம், கில்ட்டும் வேணாம்."

அவர் குரல், பள்ளிக்கூட மைதானத்தின் கடைசி மூலை வரை மைக் இல்லாமல் போய்ப் பழகிய குரல். சில்லறை நகர்த்தினார். அதாவது, மறுபடியும் மீசைக்காரரையும் ஆட்களையும் கூப்பிட்டார். காசுகளைப் பெட்டிக்கு மாற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெளி ஆட்களின் எதிரில் திறக்கக் கூடாது என்று தோன்றவே, அப்படியே நகர்த்தச் சொன்னார். பெட்டி கூடத்து மூலைக்குப் போகும் வழியில் சாய்ந்தது. உள்ளே சலசலவென்று ஒரு சத்தம்.

நாலு பேரும் சில்லறையைப் பார்த்தார்கள்.

"பழைய பேப்பர்" என்றார் அவர்.

"கெட்டிப் பேப்பர் போலிருக்கு" என்றார் மீசைக்காரர் மரியாதையாக.

போல்ட் இல்லாத பெட்டியைப் பார்த்து ஏஜென்ட் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தமெல்லாம் ஒரே ஒரு கண்டிஷனில் தீர்ந்துவிடும். இந்த முறை அலாரம்.

அலாரம் நல்ல அலாரம். ஆள் நடமாடினால் கத்தும், பல்லி நடமாடினாலும் கத்தும். அதற்குப் பேதம் கிடையாது. வீட்டில் இரண்டு பேர்; பல்லிகளோ குடும்பம் குடும்பமாக இருந்தன. கணவன் கடைக்கும் மனைவி தையல் வகுப்புக்கும் போன முதல் நாளே அது காலையில் ஆரம்பித்து, அவர்கள் வந்து நிறுத்தும் வரை கத்தியது. மூன்றாம் நாள் கட்டடத்தில் எல்லோரும் சில்லறையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் பேசினாலும் கேட்டிருக்காது.

"சின்ன விஷயம் சார்" என்றார் ஏஜென்ட். "ஒரே ஒரு கண்டிஷன். நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட வீட்டுச் சாவியும் அலாரம் நம்பரும் கொடுத்து வைங்க. கத்தினா அவங்க வந்து நிறுத்துவாங்க."

பகலில் வீட்டிலிருக்கும் ஒரே ஆள் கீழ்வீட்டு டீச்சர்தான். கோடை விடுமுறை. சில்லறை சாவியைக் கையில் ஏந்திக்கொண்டு போய் நின்றார்.

"என்ன தைரியம் சார் உங்களுக்கு?" என்றார் டீச்சர். "என் கூரையை உடைச்சீங்க, காதை உடைச்சீங்க. இப்ப வாட்ச்மேன் வேலையும் நான் பாக்கணுமா?"

பாலிசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சில்லறையின் வாய் தானாகத் திறந்தது.

"இல்ல டீச்சர், அந்தப் பெட்டியையே எடுத்துடப் போறேன். கொண்டு வந்த ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கோ நாளைக்கோ வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. அது வரைக்கும்தான் இந்தச் சாவி."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காப்பி அடித்த பையனைப் பார்க்கிற பார்வை. பிறகு சாவியை வாங்கிக்கொண்டார்.

"இப்படிக் கூசாம பொய் சொல்றீங்களே" என்றாள் மனைவி மாடியேறும்போது.

"பொய் இல்ல. தவணை."

"எத்தனை நாளைக்கு?"

"பாலிசி வர வரைக்கும். அப்புறம் டீச்சர் கத்தட்டும். கத்தறதை அலாரத்தோட சேர்த்துக் கேட்டுக்கலாம்."

மறுநாள் மாலை ஏஜென்ட் போன் செய்தார். எல்லாம் தயார், நாளைக் காலையில் ஆபீசுக்கு வந்து இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். சில்லறை அந்தச் செய்தியைப் படிக்கட்டில் நின்றபடியே மனைவிக்குச் சொன்னார். பத்து வருஷமாகச் சேர்ந்து எங்கும் போகாத தம்பதி காலையில் ஜோடியாக வெளியே போகிற விஷயம் கட்டடத்துக்கே தெரிந்தது.

ஆபீசில் ஏசி குளிர்ந்தது. ஏஜென்ட் கை குலுக்கினார். சில்லறை தன் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தைப் போட்டார்.

"இந்த நிமிஷத்திலேருந்து உங்க நாணயம் எங்க பொறுப்பு சார். ஒரே ஒரு கண்டிஷன்."

"இன்னும் என்னங்க?"

"வழக்கமானதுதான். திருடன் பூட்டை உடைச்சு வந்திருக்கணும். வீட்டுச் சாவியைப் போட்டுத் திறந்து எடுத்துட்டுப் போனா நாங்க தர முடியாது."

சில்லறை வாய்விட்டுச் சிரித்தார். "என் வீட்டுச் சாவியைப் போட்டு எவன் சார் திறப்பான்?"

திரும்பும் வழியில் அவர் ஒரு கட்டில் கடை முன்னால் நின்றார். இத்தனை வருஷத்தில் இதுவே முதல் தடவை. "வாங்கிடலாம்" என்றார். தங்கக் காசுக்கு இனி ஆபத்தில்லை என்றதும் மனசில் கூட இடம் வந்துவிட்டது. மனைவிக்குக் கண் கலங்கியது. ஏமாந்தது போதும் என்று தோன்றினாலும், கலங்கத்தான் செய்தது.

முதல் மாடியில் டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டு. டீச்சரின் பற்களைச் சில்லறை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சார். சொன்னா சொன்னபடி செய்யற மனுஷன் நீங்க."

"எதைச் சொல்றீங்க டீச்சர்?"

"உங்களுக்கு மறந்து போயிடுமோன்னு நேத்து ராத்திரியே நானா அந்த மீசைக்காரரைத் தேடிப் போய், பெட்டியை எப்ப எடுக்கப் போறீங்கன்னு கேட்டேன். முதல்ல முழிச்சார். அப்புறம், சார் எப்ப வெளியே போவார்னு கேட்டார். காலைலன்னேன்."

சில்லறை வளைந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள... எப்படி..." என்றார்.

"சாவிதான் என்கிட்ட இருக்கே. நான்தான் திறந்து விட்டேன். அந்தச் சனியன் கத்த ஆரம்பிச்சது, நம்பரைப் போட்டு நிறுத்தினேன். படி திரும்பற இடத்துல நாலு பேரால முடியல சார், பாவம். நானும் ஒரு கை கொடுத்தேன்."

ஐந்தாவது ஆள் வந்துவிட்டார்.

"எங்க கொண்டு போனாங்க?" என்றார் சில்லறை.

"அதைக் கேக்கல. ஆனா நீங்க கவலையே படாதீங்க சார். மறுபடி இதை இங்கே தூக்கிட்டு வந்துடாதீங்கன்னு கறாரா சொல்லிட்டேன். இனி இந்த ஊர்ப் பக்கமே வர மாட்டோம்னு நாலு பேரும் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டுத்தான் போயிருக்காங்க."