கரிக்கோச்சியில் ஏறிய முருகன்

எங்கள் ஆறாம் வாய்க்கால் ஊரில் மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இருந்ததில்லை. வானம் தெரிந்தால்தானே சொல்வதற்கு! அதைப் புகையர் மறைத்து வைத்திருந்தார்.

எழுபதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, புதுக்குடியிருப்புப் பக்கம் காணி கிடைத்துக் குடியேறிய குடும்பங்கள் நாங்கள். புகையர் தன் ஆயுளில் ஒரு சுருட்டுப் பற்றவைத்தவர் அல்லர். பெயர் வந்தது, கரும்புகை கக்கும் அவருடைய பழைய உழவு மெசினால். அது வீதியில் வரும் சத்தம் கேட்டால், காயப்போட்ட வேட்டி சேலைகளைப் பெண்கள் ஓடிவந்து எடுப்பார்கள். கோழிகள் பொழுதுபட்டுவிட்டதென்று கூட்டுக்குள் போய்விடும்.

எங்கள் முருகன் கோவிலுக்கு அப்போது தேர் இல்லை. பங்குனி உத்தரத்தன்று பின்னேரம் ஒரு மெசின் பின்னால் இழுக்கும் பெட்டியைச் சோடித்து, அதில் சுவாமியை எழுந்தருளச் செய்து ஊரைச் சுற்றுவோம். யாருடைய மெசின் என்பதில்தான் வருடாவருடம் சண்டை. அந்த வருடம் கோவில் தலைவர் அதற்கு ஒரு வழி கண்டார். அன்று காலை, வெட்டி முடிந்த வயலுக்குள் தண்ணீர் விட்டு, பெரிய பாலைமரக் குற்றி ஒன்றைப் போடுவது. அதை வரம்புவரை இழுத்துப்போகும் மெசினுக்கே சுவாமி.

புகையர் பல வருடம் கேட்டும் கிடைக்காத பாக்கியம் அது. போய்க் கேட்டால் தலைவர், "முருகன் கரிக்கோச்சியில ஏறமாட்டார், போம்" என்று, அவர் மெசினை நிலக்கரி ரயிலோடு சேர்த்து முடித்துவிடுவார்.

போட்டி என்று கேள்விப்பட்ட அன்றே புகையர் மெசினைக் கழற்றத் தொடங்கினார். டீசல் பம்பில் ஒரு திருகாணி உண்டு. திருப்பினால் கூடுதல் டீசல் போகும். திருப்பினார். பலம் கூடியது, புகை அதைவிடக் கூடியது. மெசினின் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "குடுக்கிற சாப்பாடு செமிக்கேல்லை. மூச்சுக் காணாது" என்றார். காற்றை வடிக்கிற கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே ஒரு மாட்டுக்குப் போதுமான வைக்கோல் தூசி. மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினார். மெசின் சளி விட்ட பிள்ளை போல உறுமியது.

பலம் வந்ததும் சேற்றில் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. சில்லுக்குப் பாரம் வேண்டும் என்று, கிணற்றடியில் வைத்து இரண்டு பின்சக்கர ரியூப்புக்குள்ளும் தண்ணீர் ஏற்றினார்.

"கத்தரிக்கண்டுக்கு ஒரு வாளி ஊத்தாத மனிசன், ரயருக்கு ஊத்துறதைப் பாருங்கோ!" என்று அவர் மனைவி எனக்கு முறையிட்டா.

பின்பக்கம் பாரமானதும், இழுக்கும்போது முன்பக்கம் எழும்பியது. முன்னுக்கு நெல்மூட்டை கட்டினார், சரிந்தது. கல் வைத்தார், வழுக்கியது. அப்போதுதான் மறுபடியும் அந்த வழியால் என் சைக்கிள் முனகிக்கொண்டு வந்தது. நான் அக்காலத்தில் நல்ல உடம்புக்காரன். புகையர் என்னை மாடு வாங்க வந்தவர் போல மேலும் கீழும் பார்த்தார்.

"ஓய், நீர் நல்ல நிறை இருப்பீர் என்ன?"

"ஏன் அண்ணை?"

"கதையாதையும். ஏறும்."

போட்டியன்று காலை ஒரு இடைஞ்சல். "அண்ணை, இண்டைக்கு உத்தரம். நான் விரதம். பின்னேரப் பூசை முடியத்தான் சாப்பாடு" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "வெறும் வயிறோ? என்ர முன்பாரம் குறையுமே!" சற்று யோசித்துவிட்டு, "தண்ணி குடிக்கலாமெல்லோ?" என்றார்.

"ஓம், அது குடிக்கலாம்."

"ரயருக்கும் நான் தண்ணிதான் விட்டனான். குடியும்." செம்பு செம்பாக வந்தது. குடித்தேன்.

அரிசி மில் முதலாளியின் புது மெசின் முதலில் இறங்கியது. குற்றியைக் கொஞ்சம் அசைத்தது. பிறகு சில்லு சுற்றிச் சுற்றி, அச்சுவரை சேற்றில் இருந்துகொண்டது. அடுத்தது நாங்கள். சூடு தெரியாமல் நனைத்த சாக்கை விரித்து என்னை எஞ்சின் மூடியின் மேல் முன்னுக்கு இருத்தினார். குற்றியில் கட்டிய சங்கிலி இறுகியது. முன்சில்லு என்னையும் கொண்டு எழும்பியது. "முருகா!" என்று கத்தினேன்.

"அவரைப் பிறகு கூப்பிடலாம், முன்னுக்குச் சாயுமப்பா!"

சாய்ந்தேன். குடித்த தண்ணீரும் என்னோடு சேர்ந்து சாய்ந்தது. சில்லு நிலத்தில் குந்தியது. பாலைக்குற்றி உழுதுகொண்டே போய் வரம்பில் முட்டியது.

ஆரவாரம் அடங்கப் புகையும் மெல்ல விலகியது. உள்ளேயிருந்து தலைவர் இருமிக்கொண்டு வெளிப்பட்டார். "வெண்டது நீர்தான். நான் சொன்ன சொல்லு மாறேல்லை. ஆனா என்ர சால்வையைப் பாரும். முருகன்ர பட்டும் இப்பிடித்தானே வரும்?"

சண்டை வரப்போகிறது என்று நான் நினைத்தேன். புகையரோ சால்வையில் இருந்த கரியை விரலால் தொட்டு, உரசி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். "ஓம், மெய்தான். பின்னேரம் வாறன்" என்று மெசினைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அதே திருகாணியைப் பின்பக்கமாகத் திருப்பத் தொடங்கினார். நான் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, பாடுபட்டுச் சேர்த்த பலமெல்லோ!"

"முருகன் என்ன பாலைக்குத்தியே? வேலோட நிண்டாலும் எவ்வளவு பாரம் வரப்போகுது?"

கலியாண வேட்டியை எடுத்துவந்து புகைக்குழாய்க்கு நேரே பிடித்தார். கரி விழுந்தது. இன்னும் திருப்பினார். வேட்டியின் வேறொரு பக்கத்தைப் பிடித்தார். கடைசியில் மெசினின் பலம் ஒரு கிழட்டு எருதின் பலத்துக்கு வந்தது. கடைசியாகப் பிடித்த பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அதைத் தலைவரிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டினார். அவர் அந்தப் பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஏத்துங்கோ சுவாமியை" என்றார்.

புறப்படும்போது, "நீரும் ஏறும்" என்றார் புகையர்.

"இப்ப என்னத்துக்கு அண்ணை முன்பாரம்?"

"ஏறும். மற்றப்பக்கம் பார்த்து இரும்."

பின்பக்கம் பார்த்து இருந்தேன். எதிரே அவர் முகம். அவர் தோளுக்கு மேலால் முருகன். அப்போதுதான் விளங்கியது. மெசின் ஓட்டுகிறவர் சுவாமிக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும். திரும்பினால் வாய்க்காலுக்குள் போய்விடும்.

"எப்பிடி இருக்கிறார்?"

"ஆடாமல் இருக்கிறார், அண்ணை."

"பட்டு?"

"ஒரு பொட்டுக் கரியில்லை."

அடுத்த வளைவிலும் கேட்டார். அதற்கடுத்த வளைவிலும் கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்று ஊர் முழுவதற்கும் வானம் தெரிந்தது.

இன்றைக்கும் பங்குனி உத்தரத்தன்று சுவாமி வளைவில் திரும்பும்போது, கேட்க ஆளில்லாவிட்டாலும் நான் மெல்லச் சொல்வேன்: "ஆடாமல் இருக்கிறார், அண்ணை."