வலப்பக்கம் இழுக்கும் கார்

"பார்த்தியா துலுக்காணம், மறுபடியும் வலப்பக்கம் இழுக்குது!"

எதிரே வந்த லாரி போட்ட சத்தத்தில், பின்சீட்டில் இருந்த கமலம்மா "கோவிந்தா, கோவிந்தா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மகன் சுரேஷ்பாபு பன்னிரண்டு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் நகரிக்கு வந்திருந்தான். வந்ததும் டிரைவர் துலுக்காணத்தைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டுத் தானே ஓட்ட ஆரம்பித்தான்.

"நான் ஓட்டசொல்ல இழுக்கலியே சார்?"

"வெள்ளிக்கிழமை அம்மாவத் திருமலைக்குக் கூட்டிப்போவணும். அதுக்குள்ள சரியாவலன்னா வண்டிய வித்துடறேன்."

வண்டி போனால் டிரைவர் எதற்கு? துலுக்காணம் காரை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு ஓடினான்.

மெக்கானிக் உமாபதியின் கடையில் சக்கரம் நேர்பார்க்கப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நாலு சக்கரத்திலும் எதையோ மாட்டினார்கள். திரையில் சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. துலுக்காணம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தான்.

"மயிரிழை பிசகல. போய்க்கினே இரு" என்றான் உமாபதி.

மறுநாள் சுரேஷ்பாபு ஓட்டியபோது புத்தூர் திருப்பத்தில் பஸ் ஒன்று மயிரிழையில் தப்பியது.

"இன்னும் இழுக்குதுப்பா!"

துலுக்காணத்துக்கு உடம்பு சிலிர்த்தது. உமாபதியிடம் ஓடிவந்து மூச்சுவாங்கினான்.

"கம்ப்யூட்டருக்கே தெரியாதது எங்க சார் கைக்குத் தெரியுதுண்ணா! அது கையா, தெய்வமா?"

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"இடப்பக்கம் கொஞ்சம் சாய்ச்சு வை. அதுவும் இதுவும் சேந்து நேரா பூடும்."

உமாபதி தலையில் அடித்துக்கொண்டு சாய்த்து வைத்தான்.

திரும்பும் வழியில் கார் இடப்பக்கம் இழுத்துப்போய், ரோட்டோரம் காயவைத்திருந்த வேர்க்கடலைமேல் ஏறியது. காவலிருந்த செங்கம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"செக்குல ஆட்ட வேண்டிய கடலைய இங்கியே ஆட்டிட்டியே, உன் கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

வெள்ளிக்கிழமை. அம்மாவைப் பின்னாலும் துலுக்காணத்தைப் பக்கத்திலும் உட்காரவைத்துச் சுரேஷ்பாபுவே உமாபதியின் கடைக்கு ஓட்டிவந்தான். கடைசித் திருப்பத்தில் எதிரே வந்த ஆட்டோக்கள் சிதறி ஓடின.

"வண்டிக்கு இன்னிக்கி ரெண்டு பக்கமும் கோளாறு!" என்று இறங்கினான்.

துலுக்காணம் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். வேலை போயிற்று. டீ கொடுக்க வந்த ரத்னம்மாவிடம், "உலகத்துல எந்த மிஷினுக்கும் அடங்காத காரு, அக்கா" என்று புலம்பினான்.

அவள் குனிந்து அவன் காதோரம் சொன்னாள்:

"காருமேல பழி போடாத நைனா. நான் ஆறு வருசம் குவைத்துல வேலை செஞ்சவ. அங்க எல்லா வண்டியும் ரோட்டுல வலப்பக்கந்தான் போவும், அமெரிக்காலயும் அப்பிடித்தானாம். உங்க சாரு இன்னும் ஊருக்கு வரல. அங்கியேதான் ஓட்டிக்கினு கீறாரு!"