படகுக்கு வெளக்கு போட்ட கதை

அன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். குத்தாலத்துல ஒரு அண்ணாச்சியோட பங்களாக் குளத்துல கெடந்த படகுல வெளக்கு எரிய வைக்கணும்.

அறுபதுகளோட தொடக்கம் அது. நான் தென்காசியில வீட்டு வயரிங் பாத்துக்கிட்டிருந்தேன். படகுல கால் வச்சதே கெடையாது. படகும் வீடு மாதிரிதானன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

அண்ணாச்சி பழைய காரைப் பிரிச்சப்போ, அதுலருந்த வெளக்கு, ஹாரன், பேட்டரி மூணையும் படகுல மாட்டி வச்சிருந்தாரு. சாரல்ல நனைஞ்சு வெளக்கு எரியல. புது மருமகன் வேற வந்திருந்தாரு. கல்யாணத்துல ஏதோ மரியாதைக் கொறச்சலாம். மாமனார்ட்ட ஒரு வார்த்தை பேச்சில்ல. படகுல ஏத்தித்தான் சமாதானம் பண்ணணும்.

பல்பை மாத்துனேன். எரியல. சுவிட்சைத் தொறந்தா ஒயர் முனையெல்லாம் பச்சையாக் களிம்பு. வெளக்கு ஒயர், ஹாரன் ஒயர் எல்லாத்தையும் கழத்தி, சொரண்டி, திரும்ப மாட்டுனேன்.

வெளக்குச் சுவிட்சைப் போட்டா ஹாரன் அடிக்கி. ஹாரனை அமுக்குனா வெளக்கு எரியுது.

மாத்தி மாட்டுததுக்குள்ள பொண்ணும் மாப்பிள்ளையும் வந்துட்டாக. ரெண்டும் வேலை செய்யுதுல்லா, நான் மாப்பிள்ளைட்ட சொல்லிக்கிடுதேன்னாரு அண்ணாச்சி. பேச்சே இல்லாத மருமகன்ட்ட எப்படிச் சொல்லுவாரு? ரெண்டு தடவை தொண்டையைச் செருமுனாரு. படகு போயிருச்சு.

நடுக்குளத்துல பொழுது மங்குச்சு. மாப்பிள்ளை வெளக்குச் சுவிட்சைப் போட்டாரு. ஹாரன் அலறுச்சு. பதறிப்போயி இழுத்ததுல சுவிட்சுக் குமிழ் கையோட வந்துருச்சு. ஹாரன் நிக்கல. அருவிக்கரையில இருந்தவுக எண்ணெய்த் தலையோட ஓடியாந்துட்டாக.

"ஏலே, போயி நிப்பாட்டுலே"ன்னாரு அண்ணாச்சி.

எனக்கு நீச்சல் தெரியாது. அது ஞாபகம் வாரதுக்குள்ள குதிச்சிட்டேன். காப்பாத்துங்க காப்பாத்துங்கன்னு நான் போட்ட சத்தத்துல ஹாரனே கேக்கல. காலை ஊனிப் பாத்தா தண்ணி இடுப்பளவு.

நடந்தே படகுக்குப் போனேன். ஒரு ஒயரைப் பிடுங்குனேன். ஹாரன் நிக்கல. இன்னொண்ணைப் பிடுங்குனேன். அதுவும் வெளக்கு ஒயர்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க"ன்னு பொண்ணு குனிஞ்சு, பேட்டரி முனையிலருந்த ஒயரை உருவுனா. கொளமே அமைதியாயிருச்சு.

மாப்பிள்ளை என்னைத் தலையிலருந்து இடுப்பு வரைக்கும் பாத்தாரு. சிரிப்பை அடக்கிப் பாத்தாரு, முடியல. படகே ஆடுச்சு. கரையைப் பாத்து மொத மொறையா வாய் தொறந்தாரு.

"மாமா, இவரை மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்பிராதீக."

அண்ணாச்சியும் சிரிச்சிட்டாரு. ராத்திரி ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாகளாம்.

மாமனாருக்கும் மருமகனுக்கும் சரியாயிருச்சு. நான் சரி பண்ணப் போன வெளக்கு மட்டும் அதுக்கப்புறம் எரியவே இல்ல.