செவ்வாய்க்குப் பல்பு மாற்றியவர்

தனியாக வாழ்வதில் ஓர் ஆபத்து உண்டு. நாம் சொல்வதைத் தப்பு என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. நெய்வேலி குவார்ட்டர்ஸில் நான் வானியல் அறிஞர் ஆனது அப்படித்தான்.

திருநெல்வேலியிலிருந்து வந்து மைன்ஸ் ஆபீசில் சேர்ந்திருந்தேன். வயது இருபத்தேழு. வேலை முடிந்து வந்தால் பேச்சுத்துணை கிடையாது. ஒரு தொலைநோக்கி வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். கிழக்கே மரங்களுக்கு மேல் சிவப்பாக ஒன்று தெரிந்தது. செவ்வாய் என்று முடிவு கட்டினேன். மூன்று வாரம் தினமும் அதைப் பார்த்து, 'இன்றும் அதே இடம்' என்று நோட்டில் எழுதினேன். (கோள் என்றால் நகர வேண்டாமா என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கலாம்.) சில நாள் அதனிடம் பேசவும் செய்தேன்.

வடலூர் பக்கம் ஓர் இருளர் பழங்குடிக் குடியிருப்பில், அங்கேயே வளர்ந்த செல்வி என்ற பெண் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். ஆபீசுக்கு ஒரு மனுவோடு வந்தபோது பழக்கம். பிள்ளைகள் வெளியே போனால் இருளர் என்று சொல்லவே கூசுகிறார்கள், வீட்டில் வழங்கும் நட்சத்திரப் பெயர்களைக்கூட மறைக்கிறார்கள், வானத்தைக் காட்டிப் பேசவைத்தால் கூச்சம் விலகும் என்றாள். அழைக்க ஓர் ஆள் கிடைத்ததே என்று உடனே சம்மதித்தேன்.

தை மாதம். இருட்டத் தொடங்கியதும் போய் நின்றேன், பட்டுப்புடவையில். (ஏன் என்று கேட்காதீர்கள்.) நாற்பது பேர் கூடியிருந்தார்கள். உச்சியில் மின்னிய கார்த்திகை நட்சத்திரக் கொத்தைக் காட்டிப் பெயர் கேட்டதும், ஒரு சிறுமி, "ஆறாமீனுங்க" என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது, அதன் பெயர் பிளையடிஸ் என்று திருத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு யாருமே வாய் திறக்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்தேன்.

அங்கிருந்தும் என் செவ்வாய் தெரிந்தது. தொலைநோக்கியைத் திருப்பினேன். ஃபோகஸ் சரியில்லாததால் மங்கலாக, உருண்டையாக, பார்க்க அசல் கோள். எல்லோரும் வரிசையில் வந்து பொறுமையாகப் பார்த்தார்கள். காற்று, துரு, குளிர் என்று பத்து நிமிடம் முழங்கிவிட்டு, இதன் பக்கத்தில் எந்த மனிதனும் போனதில்லை என்று முடித்தேன்.

செல்வியின் அப்பா கன்னியப்பன் கடைசியாகப் பார்த்தார். அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலைக்காரர். ரொம்பத் தயங்கிச் சொன்னார்.

"நான் போயிருக்கேங்க மேடம். அது சிம்னி லைட்டுங்க. போன மாசம் பல்பு மாத்தறப்ப நான்தான் கீழ கயிறு புடிச்சிகினு இருந்தேன்."

முதலில் சிரித்தது அந்தச் சிறுமிதான். அப்புறம் நாற்பது பேரும். பூமி பிளக்கவில்லை. (பழுப்பு நிலக்கரிக்கு மட்டும்தான் பிளக்கும்போல.) கொஞ்ச நேரம் கழித்து நான் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டு, ஆறாமீனைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.

"சாயங்காலமே அது உச்சியில நின்னா அறுப்பு முடிஞ்சிபோச்சுன்னு அர்த்தங்க. வயல்ல எலி புடிக்கப் போலாம்" என்றாள், நிமிர்ந்து நின்று. அதன்பின் ஆளாளுக்குப் பெயர் சொல்ல, செல்வி பலகையில் எழுதினாள்.

கிளம்பும்போது செல்வி தணிந்த குரலில் கேட்டாள். "இத்தினி நாளா தனியாவா அந்த லைட்டப் பாத்துகினு இருந்தீங்க?"

தொலைநோக்கியைப் பைக்குள் வைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னாள், கற்றுக்கொடுக்க அல்ல, சாப்பிட.

இப்போது வேறு ஊரில், வேறு குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். போன வாரம் செல்வி போன் செய்து, "மேடம், உங்க செவ்வாய் ஃப்யூஸ் போயிடிச்சி, அப்பா பாக்கப் போயிருக்காரு" என்றாள். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, அன்று காலையிலிருந்து நான் வாய் திறந்து பேசியதே அந்த போனில்தான்.