தரமும் தாரமும்

இந்த மாதம் முடிவதற்குள் வெள்ளிக்கு ஏறியே தீருவதென்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சபதம் எடுத்தேன். சபதம் எடுக்கும்போது மீசையை முறுக்க வேண்டுமாம். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நுரையை முறுக்கினேன்.

வெளியே வந்து மனைவி கலாவதியிடம் அறிவித்தேன்.

“இஞ்சேரும், நான் இந்த மாதம் வெள்ளிக்குப் போறன்.”

“எந்த வெள்ளிக்கு? கோயிலுக்கெண்டா நானும் வாறன்.”

“கோயிலுக்கில்லை. விளையாட்டில. இப்ப நான் செம்பு.”

“அது தெரிஞ்ச விசயம்தானே. வெறுஞ் செம்புதான் இப்பிடிச் சத்தம் போடும்.”

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் கிருசிகா படிக்கவென்று லொசானுக்குப் போனபோது, தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு விளையாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். அதில் ‘எஃகுக் கை’ என்று ஒரு சண்டை விளையாட்டு. நான் சுவிஸில், ஊஸ்டர் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு பொத்தானை அமத்துவேன். நோர்வேயிலோ பிரேசிலிலோ இருக்கிற எவனோ ஒருவன் இணையத்தில் வந்து என்னை உதைப்பான். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் பாவிகள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தரம் போட்டுவிட்டார்கள்.

தரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு நாக்கில் நீர் ஊறும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அறிக்கை வந்தால் எத்தனை புள்ளி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எத்தனையாம் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். இந்த நாட்டில் அந்த இன்பம் இல்லை. மகளின் ஆசிரியையிடம் ஒருமுறை, இவள் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டேன். பிள்ளை சந்தோசமாக இருக்கிறாளா என்று அந்த மனுசி திருப்பிக் கேட்டா. சந்தோசத்தை வைத்துக்கொண்டு யாருக்குத் தொலைபேசி எடுத்துப் பெருமை பேசுவது? பதினைந்து வருடப் பட்டினி. ஆகவே முதல் நாள் திரையில் என் பெயரோடு ‘தரம் 1’ என்று வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்திலேயே முதலாம் பிள்ளை என்று பத்துச் சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்.

அரை மணித்தியாலத்தில் பாடனிலிருந்து பத்மநாதன் எடுத்தான். என் சகலன். கலாவதியின் தங்கை சரணியாவைக் கட்டியவன்.

“தில்லை அண்ணை, அதில ஒண்டு எண்டா கடைசி. முப்பது தரம் கிடக்கு. நான் பதினாலு. வெள்ளி.”

சுவிஸ் பள்ளிக்கூடத்திலும் ஆறுதான் உச்சம், ஒன்று என்றால் பாதாளம். இந்த விளையாட்டையும் அந்த ஆசிரியைதான் செய்திருக்க வேண்டும்.

பத்மநாதனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் திருகாணி இறுக்குகிறவன். ஊரெல்லாம் இறுக்கினான், தன் மூளையில் கழன்றுகிடக்கிற ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். தேநீரைக் கலக்கச் சொன்னால் மேசையைக் கலக்குவான். அப்படிப்பட்டவன் வெள்ளி. நான் மூன்று மாதம் அடிவாங்கி, விரல் வீங்கி, களிமண்ணிலிருந்து செம்புக்கு வந்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து, “அண்ணை, இன்னும் செம்போ?” என்பான். அந்த ‘இன்னும்’ ஒரு முழம் நீளம்.

கலாவதிக்கு இதன் பாரதூரம் புரியவில்லை. விளங்கப்படுத்தினேன்.

“முதல் பத்து ஆட்டம் அளந்து பாக்கிற ஆட்டம். அதை வைச்சு உம்மை ஒரு தட்டில இருத்துவினம். களிமண், செம்பு, வெள்ளி, தங்கம்.”

“பிறகு?”

“வெண்டாப் புள்ளி கூடும். உம்மைவிடப் பெரிய ஆளை வெண்டா நிறையக் கூடும். சின்ன ஆளிட்டத் தோத்தா நிறையக் குறையும்.”

“வெண்டு கொண்டே போனா?”

“மேல் தட்டுக்கு ஏத்துவினம். அங்க இன்னும் பலமான ஆக்களோட மோத விடுவினம்.”

“அப்ப மேல போனா அடி குறையாதோ?”

“குறையாது. எந்தத் தட்டிலையும் பாதி வெற்றி, பாதி தோல்வி. அப்பிடித்தான் கணக்குப் பாத்து ஆள் சேக்கிறது.”

“கீழ நிண்டாலும் பாதி அடி, மேல போனாலும் பாதி அடி. பிறகேன் மேல போறியள்?”

“தரம்!”

“விசர்.”

“கொஞ்சப் பேர் இருக்கிறாங்கள், வெக்கங்கெட்டவங்கள். முதல் பத்தையும் வேணுமெண்டே தோப்பாங்கள். களிமண்ணில போய்க் குந்துவாங்கள். பிறகு அவங்களுக்கு வாறதெல்லாம் பால்குடியள். நோகாமல் இருக்கலாம்.”

“ஓ…” என்றாள் கலாவதி.

அந்த ‘ஓ’வின் நீளத்தை அப்போதே அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு யோசனை எட்டிப் பார்த்துவிட்டது. என் யோசனையை நானே மெச்சிக்கொண்டிருக்கும்போது மற்றவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கு ஏற எனக்கு வேண்டியது சனிக்கிழமை. மற்ற நாளெல்லாம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எண்பது பேருக்குச் சமைக்கிறேன். சனிக்கிழமையோ எங்கள் வீட்டில் வேலைநாள். கட்டடம் முழுவதற்கும் நிலவறையில் ஒரே ஒரு சலவை இயந்திரம், அதில் எங்கள் முறை சனி. தோய்த்து, காயவைத்து, அறையைத் துடைத்துப் பூட்டி, ஆறு மணிக்குத் திறப்பை ஒப்படைக்காவிட்டால் கீழ்வீட்டுக் கிழவி கடிதம் எழுதுவா. அதைவிட, பழைய பத்திரிகைகளை நூலால் கட்டி வாசலில் வைக்க வேண்டும். படி கூட்ட வேண்டும். வருகிறவர்களுக்குச் சமைக்க வேண்டும். கலாவதியும் வேலைக்குப் போகிறவள் என்பதால் பாதிக்குப் பாதி என்று சட்டம் வைத்திருந்தாள்.

“கலா, வீட்டு வேலைக்கும் தரம் போடுவம். களிமண்ணுக்குப் பூக்கன்றுக்குத் தண்ணி ஊத்திற மாதிரிச் சின்ன வேலை. மேல போகப் போகப் பெரிய வேலை. கெட்டிக்காரருக்குத்தானே பெரிய வேலை குடுக்க வேணும்?”

நான் களிமண்ணாகப் போகிறேன். அவள் தங்கமாகத் தேயப் போகிறாள். இதுதான் திட்டம்.

“ஓம்,” என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் முதல் கேள்விக்கே ஓம் சொன்னது இரண்டே தடவை. மற்றது கலியாணத்துக்கு. இரண்டிலும் மாட்டுப்பட்டது நான்தான்.

“ஆனா ரெண்டு பேரை வைச்சுத் தரம் பாக்கேலாதப்பா. சரணியாவையும் அவரையும் சேப்பம். செய்த வேலையைப் படம் எடுத்துக் கைபேசிக் குழுவில போட வேணும். அவை எங்களுக்குப் புள்ளி போடட்டும், நாங்கள் அவைக்குப் போடுவம்.”

அளந்து பார்க்கும் பத்து வேலையும் ஒரு கிழமையில் முடிந்தன. நான் தோற்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எண்பது பேருக்குச் சமைக்கிறவன் இரண்டு பேருக்குச் சோறு கருக்கினேன். வெள்ளைச் சட்டைகளோடு சிவப்புக் காலுறையைப் போட்டேன். பத்திரிகைகளை நூலுக்குப் பதில் ஒட்டும் நாடாவால் சுற்றினேன், பழைய தாள் ஏற்ற வந்த வண்டிக்காரன் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான். பத்துக்குப் பத்துத் தோல்வி. களிமண்!

முதல் சனிக்கிழமை. பூக்கன்றுக்கு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன். சோபாவில் சாய்ந்தேன். மூன்று ஆட்டம் வென்றேன். வாழ்க்கை இனித்தது.

நாலாவது ஆட்டத்தில் கைபேசி முனகியது. சரணியா வீட்டுத் தரவரிசையைப் போட்டிருந்தாள். முதல் வரி: பத்மநாதன், வெள்ளி. பக்கத்தில் படம். பத்திரிகைக் கட்டு ஒன்று, நாலு மூலையும் கூராக, குறுக்கும் நெடுக்கும் நூல் போட்டு, கலியாணச் சீர்வரிசை போல. அதற்குக் கீழே அவனுடைய குரல்.

“அண்ணை, சோறு கருகினதைப் பாத்தன். கவலைப்படாதேங்கோ. அரிசிக்குத் தண்ணி அளவு நான் சொல்லித் தரட்டோ?”

எனக்கு! தண்ணீர் அளவு! திருகாணி!

விளையாட்டுக் கைப்பிடியைச் சோபாவில் எறிந்தேன். நேரே குசினிக்குள் போனேன். அன்று நான் வைத்த சோற்றைப் பல்லில்லாத கிழவர் எண்பது பேரும் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்கள். படம் எடுத்துப் போட்டேன். பன்னிரண்டு புள்ளி.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. செவ்வாய் செம்பு. அடுத்த சனி வெள்ளி. நிலவறையை நான் துடைத்த துடைப்பில் கீழ்வீட்டுக் கிழவி கடிதம் எழுதினா. பாராட்டுக் கடிதம். பத்மநாதன் சாளரக் கண்ணாடி துடைத்துப் படம் போட்டான். நான் சாளரத்தைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அவன் படுக்கை விரிப்பை மடித்தான். நான் ஓரங்குலம் பிசகாமல் காலுறையை மடித்தேன். பட்டியல் வரும்போதெல்லாம் எனக்கு மேலே யார் என்று மட்டும் பார்ப்பேன். தரம் பார்க்கிறவன் எவனும் கீழே பார்ப்பதில்லை.

கலாவதியையும் விட்டேனா? ஒரு நாள் புட்டுப் போட்டி. இருபத்திரண்டு வருடமாக வாயில் வைத்ததும் உதிரும் புட்டு அவித்தவள், அன்று செங்கல் அவித்தாள்.

“என்னப்பா இது?” என்றேன் வெற்றிச் சிரிப்போடு.

“கை தவறிப்போச்சு. உங்கட பக்குவம் எனக்கு வருமே?”

நான் சந்தேகப்படவில்லை. வென்றவனுக்குச் சந்தேகம் வராது. வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் அந்த வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது.

சனிக்கிழமைகளில் அவள் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடனுக்குப் புறப்பட்டாள்.

“படத்தில ஏமாத்தலாம். பத்மநாதன் செய்யிற வேலையை நேரில பாத்துத்தான் புள்ளி போடவேணும்.”

“போம், போம்! கள்ளனைக் கையோட பிடியும்!” என்று நானே ரயில் நேரம் பார்த்துக் கொடுத்தேன். சட்டி கழுவிய கையோடு.

முப்பதாம் தேதி சனி மாலை ஆறு மணிக்கு ‘எஃகுக் கை’யின் அந்த மாதத்துப் போட்டிப் பருவம் முடிந்தது. மூன்று கிழமையாகத் தலைகாட்டாததால் என்னை மறுபடி களிமண்ணில் தள்ளியிருந்தார்கள். வெள்ளி போனது. சபதம் போனது. வலித்தது, மறைப்பானேன். ஆனால் பத்மநாதனும் விளையாட நேரமில்லாமல் செம்புக்கு விழுந்திருந்தான். அந்த ஒரு சொட்டுத் தேன் எனக்குப் போதுமாக இருந்தது. வீட்டுத் தரவரிசையில் நானும் அவனும் சமபுள்ளி.

மறுநாள் நான் லீவு எடுக்க, பாடனில் மதிய விருந்து. நானும் அவனும் ஆளுக்கு நாலு கறி வைத்தோம். நாங்களே பரிமாறினோம். மனைவிமார் இருவரும் சாப்பிட்டுவிட்டு நடுவர்களாகச் சாய்ந்து இருந்தார்கள். சரணியா கைபேசியைப் பார்த்து வாசித்தாள்.

“மூண்டு புள்ளியால தில்லை அத்தான் தங்கம். எங்கட அவர் வெள்ளி.”

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நல்ல வேளை சேட்டுப் பொத்தான் தாங்கியது. பெருந்தன்மையோடு ஒரு கேள்வி கேட்டேன்.

“கலா, நீர் எந்தத் தட்டு?”

“களிமண்.”

“ஐயோ பாவம். எப்ப இறங்கினனீர்?”

“இறங்கேல்லை. ஏறவே இல்லை. முதல் பத்தும் தோல்வி.”

“நானும் அப்பிடித்தான் அத்தான்,” என்றாள் சரணியா. “கஷ்டப்பட்டுத் தோத்தன்.”

நிமிர்த்திய நெஞ்சை இறக்கினேன்.

“அப்ப… சனிக்கிழமையில?”

“பூக்கன்றுக்குத் தண்ணி ஊத்தினாப் பிறகு களிமண்ணுக்கு என்ன வேலை? இஞ்ச ஆத்தங்கரையில வெந்நீர்க் குளியல் இருக்கெல்லே. நாலு சனியும் ரெண்டு பேரும் போய் முழுகினம். சனி முழுக்கு உடம்புக்கு நல்லது.”

“பத்மநாதனைப் பிடிக்கவெண்டெல்லே போனனீர்?”

“பிடிச்சுத்தானே வைச்சிருக்கிறம். ரெண்டு பேரையும்.”

தரம் என்ற சொல்லுக்கு ஒரு துணைக்கால் போட்டால் தாரம். அந்தத் துணைக்கால்தான் என் காலை வாரியது. என் கள்ளத் திட்டத்தை என் வாயாலேயே கேட்டு, என்னைவிடச் சுத்தமாக நிறைவேற்றியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. வெட்கமும் வந்தது. பத்மநாதனைப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன்மேல் எனக்குச் சகோதர பாசம் பொங்கியது.

“தம்பி, நாங்கள் ரெண்டு பேரும் இண்டையோட விலகுவம்.”

“ஓம் அண்ணை. விலகுவம்.”

“இந்த நிமிசமே.”

“ஓம் அண்ணை. நீங்கள் முதல்ல விலகுங்கோ.”

“ஏன், நீர் விலகுமன்?”

“நீங்கள்தானே தங்கம். மரியாதைக்கு நீங்கள் முதல்ல.”

கலாவதி கொட்டாவி விட்டாள். “ஆரும் விலகலாம், ஒருத்தரையும் கட்டி வைக்கேல்லை. விலகினா மற்றவர் தனிய நிண்டு தங்கம். அடுத்த பருவம் இப்ப துடங்குது. குசினிக்குள்ள பதினாறு சட்டி கிடக்கு. ஒரு சட்டிக்கு ஒரு புள்ளி.”

பத்மநாதன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மெதுவாகச் சட்டைக் கையை மடித்தான்.

அவனைவிட ஒரு முழம் முந்திக் குசினிக்குள் பாய்ந்து முதல் சட்டியைப் பிடித்தவன் நான்தான்.